மணிக்கு நூற்றிருபது கை

சட்டைக்குக் கை பொருத்தும் வரிசையில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து மெஷின் அக்கா வைத்த பெயர். அங்கே மாதச் சம்பளம் கிடையாது. தைத்த கைக்குத்தான் கூலி. அவள் வேகத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் ஓடின.

ஒருநாள் காலை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஒருவர் வந்து அவள் பின்னால் நின்றார். ஆர்டர் கொடுப்பவர்கள் விலையைக் குறைத்துவிட்டார்களாம். தன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறதே என்ற பெருமையில் அவள் தலைநிமிராமல் தைத்தாள். மணிக்கு நூற்றிருபது கை.

அடுத்த திங்கட்கிழமை அந்த எண் இலக்காகப் பலகையில் ஏறியது, வரிசை முழுவதற்கும். கைக்கான கூலி இறங்கியது. மூன்று வாரம் அதை எட்டாதவர்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அக்காவையும். மின்னல் காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்கும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தவள் அந்த அக்கா.

வாசலில் அக்கா சொன்னாள்: "உன்னைச் சொல்லி என்னடி ஆகப்போகுது. என் கைக்கு வயசாயிடுச்சு. நீ உள்ள போ, மணி அடிச்சிடும்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன்பின், நூல் அறுந்தால் அக்கா 'ச்சு' கொட்டும் சத்தம் பக்கத்தில் கேட்டது. திரும்பினால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வாய் திறக்காமல் தைத்துக்கொண்டிருப்பாள். தூக்கத்திலும் மின்னலின் விரல்கள் போர்வை ஓரத்தை மடித்து மடித்துத் தள்ளின.

"தூங்குறப்பவாவது லீவு எடு" என்றார், மூட்டை தூக்கும் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று கீழ்வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

ஸ்டாப்வாட்ச்காரர் மறுபடி வந்தார். இந்தமுறை மெதுவாகத் தைப்பதென்று அவள் முடிவு செய்திருந்தாள். உடம்பு கேட்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்து எடுத்து வைத்தாலும் விரல்கள் முன்னால் ஓடின, வேறு யாருடையவோ போல. அவர் பேனாவைத் திறந்தார். அவள் சட்டையின் இடது கையை எடுத்து வலது பக்கத்தில் வைத்துத் தைத்தாள். அடுத்த சட்டைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"கண்ணு சரியாத் தெரியல சார்."

அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே வருமானம் பாதிதான். பலகையில் எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கணவர் காரணம் கேட்டபோது அவரிடமும் "கண்ணு" என்றாள். சாலையில் தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணை அம்மா சரியாகச் சொன்னதை மகள் மட்டும் கவனித்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.