குதிரை இரத்தமும் ‘நோ குரோத்’ அறிக்கையும்

அன்று திருவானைக்காவல் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: ஹார்மோன் பரிசோதனைகளுக்குப் பொறுப்பான நான், வரவேற்பில் ஷாஹிரா, கிருமிப் பரிசோதனைப் பிரிவில் பாஸ்கரன், தொட்டியத்துக் குதிரைக்காரர் செல்வராசு, குதிரை வண்டிப் பந்தயக் கமிட்டியின் தனபால். வாசலில், மறுபடி இரத்தம் கேட்டால் கொடுப்பதற்கென்று செல்வராசு லோடு வண்டியில் ஏற்றி வந்த குதிரை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த என் ஆட்டோ அதைச் சுற்றித்தான் உள்ளே வர முடிந்தது. இரத்தத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் நம் தொழிலில், கேள்வி என்னவென்று அறிவதற்கே பாதி ஆயுள் போய்விடுகிறது. இதே தொழிலில் உழல்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்ன டெஸ்ட்?

செல்வராசு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக் குதிரையை ஓட்டுகிறார் என்று யாரோ கமிட்டியில் புகார் செய்திருந்தனர். ஊசி இல்லையென்று பரிசோதனை சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் குதிரை ஓடலாம். ஆகவே முந்தைய வாரம் செல்வராசு, கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுத்த இரத்தத்தோடு வந்து, ஹார்மோன் என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘குரோத்’, அதாவது வளர்ச்சி, பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் அச்சொல்லுக்கு, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதே பொருள். ஷாஹிரா அதைப் பாஸ்கரனிடம் அனுப்பிவிட்டாள். நான் விசாரித்தபோது நிதானமாகச் சொன்னாள்: “அவர் கேட்டதத்தானே மேடம் எழுதுனேன்.”

நோ குரோத்

கிருமி ஏதும் வளரவில்லை. பாஸ்கரன் வழக்கப்படி ‘நோ குரோத்’ என்று அறிக்கை தந்திருந்தார். அதைப் படித்ததும் செல்வராசுவின் முகம் மலர்ந்தது. அது காய்ச்சல் கண்டால் செய்யும் பரிசோதனை என்றேன். குதிரைக்குத்தான் காய்ச்சலே இல்லையே என்றார். அதைத்தான் அறிக்கையும் சொல்கிறது என்றேன். அவர் கேட்டார்: “குரோத் இல்லன்னு இங்கிலீஷ்ல எழுதிட்டு, தமிழ்ல வேற மாதிரி சொல்றீங்களேம்மா?”

மனிதருக்கான கிட்

சரியான பரிசோதனையை உடனே செய்யச் சொன்னார் தனபால். எங்களிடம் இருப்பது மனிதரின் ஹார்மோனைக் கண்டறியும் கிட்; குதிரையின் ஹார்மோன் அதில் சரியாகப் பிடிபடாது. பிடிபட்டாலும், ஓடும் குதிரைக்கு அது தானாகவே ஏறும். ஊசியாகப் போட்டதோ சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். குதிரைகளுக்கென்றே உள்ள வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராது. தனபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஹார்மோன் இருந்தாலும் ஊசின்னு சொல்ல முடியாது, இல்லன்னாலும் இல்லன்னு சொல்ல முடியாது. பேசாம குதிரையவே கேட்டுடலாங்க.”

ஒரு வரி

கடைசியில் அந்த அறிக்கையே போதும் என்று தனபால் முடிவு செய்தார். “கமிட்டில யாரும்மா கிருமி, ஹார்மோன்னு பிரிச்சுப் பாக்கப் போறாங்க?” என்றார். நான் அறிக்கையை வாங்கி, ‘இது கிருமிப் பரிசோதனை மட்டுமே, ஹார்மோன் பார்க்கப்படவில்லை’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, செல்வராசுவிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார், மேசைமேல் வைத்தார், வெளியே போய்க் குதிரையை வண்டியில் ஏற்றினார்.

அது ஊசி போட்ட குதிரையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் இரத்தத்தில் கிருமி இல்லை என்பது மட்டும் உறுதி.