அவள் இறங்கி ஆடிய நான்கு நிமிடம்

மகளுக்குப் பதினைந்து வயதானபோது அவள் என்னைவிட நான்கு விரல் உயரமாகிவிட்டாள். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று மனைவி அப்போதே கவலைப்படத் தொடங்கினாள். என் கவலை வேறு. பாரிசின் லா ஷப்பலில் நாங்கள் மூவரும் இருந்த ஒற்றை அறை வீட்டில் அவள் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் மண்டபத்தில் ஒரு பயிற்சியாளர் அவளைக் கண்டு கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருந்தது குறைவு. சனி, ஞாயிறுகளில் எபினே அது இது என்று புறநகரெல்லாம் ஆடப் போவாள்.

நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை. சனி, ஞாயிறுதான் அங்கே கதிரை காலியாகாத நாட்கள். அதனால் அவள் ஆடியதை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கிண்ணங்களையும் பதக்கங்களையும் பார்த்திருக்கிறேன். அலுமாரிக்கு மேலே இடமில்லாமல் போனபோது அவற்றைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் நான்தான்.

பதினெட்டு வயதில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டது. ஆடினால் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. ரூ பிலிப்-து-ஜிராரில் புடவைக்கடையொன்றில் சட்டை தைக்கும் என் மனைவி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கறித்தூள் வறுத்து அரைத்து மூன்று பைகளில் கட்டினாள்.

முதல் ஆண்டு நன்றாகப் போனது. இரண்டாம் ஆண்டுக்கு நான் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, பெப்ரவரி விடுமுறைக்கு இரண்டு விமானச்சீட்டுகள் எடுத்துவிட்டேன். மாற்ற முடியாத சீட்டுகள். பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்கிறோம், ஐந்து நாள் அவளோடு இருக்கிறோம், திரும்புகிறோம். இதுதான் திட்டம்.

நவம்பரில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு ஆட்கள் போய், இரவுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரம். அங்கே அவளுக்குக் காலை.

“அப்பா, என்ரை கால் உடைஞ்சுபோச்சு. பாதத்திலை. சின்ன வெடிப்புத்தான், பயப்பிடாதையுங்கோ.”

மூன்று ஆட்டங்கள்தான் ஆடியிருந்தாள். ஓடி ஓடி எலும்பு களைத்து வெடித்த காயம் என்று மருத்துவர் சொன்னாராம். மூன்று மாதம் ஆட முடியாது.

“அப்ப இந்த வருசம் போட்டுதோ?” என்று கேட்டேன்.

“இல்லையப்பா. ரெட்ஷர்ட் எண்டு ஒண்டு இருக்கு.”

சிவப்புச் சட்டை என்று எனக்கு விளங்கியது. “என்ன, வேறை உடுப்புத் தருவினமோ?” என்றேன்.

அந்த வலியிலும் அவள் சிரித்தாள். உடுப்பு ஒன்றும் இல்லை, பெயர்தான் அப்படி என்று சொல்லி, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் விளக்கினாள். கல்லூரியில் ஒருவர் நான்கு பருவங்கள்தான் ஆடலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த நான்கையும் ஆடி முடிக்க வேண்டும். பருவத் தொடக்கத்திலேயே காயப்பட்டு ஒரு சில ஆட்டங்களோடு நின்றுவிட்டால், அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விண்ணப்பிக்கலாம். அப்படிக் கிடைத்தால் ஐந்தாம் ஆண்டிலும் ஆடலாம். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். நான் கத்தியும் கையுமாக, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். பிள்ளைக்கு ஒன்றும் நட்டமில்லை என்பது மட்டும் விளங்கியது. மிச்சம் காதில் ஏறவில்லை.

பிறகு நடந்ததில் என் பங்கை ஒளிக்காமல் எழுத வேண்டும். தையில் அவள் ஊன்றுகோலை விட்டுவிட்டாள். மாதக் கடைசியில் மெல்ல ஓடத் தொடங்கினாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் நான் கேட்டேன்: “நாங்கள் வாற நேரம் நீ விளையாடுவியோ?” அவள் முதலில் இல்லை என்றாள். இரண்டாவது முறை, மருத்துவர் சம்மதிக்க வேண்டும் என்றாள். மூன்றாவது முறை நான் பகிடியாகத்தான் சொன்னேன். பகிடிதான் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

“அவ்வளவு தூரம் பிளேனிலை வந்து, நீ வாங்கிலை இருக்கிறதையோ பாக்கிறது?”

“பாப்பம் அப்பா” என்றாள் அவள்.

நாங்கள் போய் இறங்கியபோது அங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி. ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல். மண்டபம் பெரிதில்லை. பலகைத் தளம் எண்ணெய் பூசியதுபோல மின்னியது. எங்களை அவளுடைய அணி இருக்கும் நீள வாங்குக்கு நேர் பின்னால் இருத்தினார்கள். மகள் மேலுடுப்போடு கடைசியில் இருந்தாள். ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். மனைவி பனிச்சட்டையைக் கழற்றவே இல்லை, உள்ளே நல்ல சூடு இருந்தும்.

கடைசிக் கால்பகுதியில் அவள் எழும்பிப் போய்ப் பயிற்சியாளரின் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்தார். மகள் திரும்பவும் சொன்னாள். அவர் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளின் தோளில் கையை வைத்து, நீண்ட நேரம் அப்படியே வைத்திருந்தார். மகள் மேலுடுப்பைக் கழற்றினாள்.

நான்கு நிமிடம் ஆடினாள். பலகையில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தை இரண்டு பேருக்கு மேலாக எழும்பிப் பிடித்தாள். ஒரு முறை எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. பிறகு யாரோ அவளை இடித்து விழுத்த, இரண்டு தண்ட எறிகள் கிடைத்தன. முதலாவது உள்ளே விழுந்தது. நான் எழும்பி நின்று “அப்பிடித்தான் பிள்ளை!” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்காகக் கைதட்டினார்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பிடித்தேன்.

பாரிசுக்குத் திரும்பி அந்தப் படத்தைக் காட்டாத ஆளில்லை. சமையலறையில் கோப்பை கழுவுகிற மாலி நாட்டுக்காரருக்கும் காட்டினேன். எபினேயில் இருக்கும் மச்சான் வீட்டில் பெரிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம்.

மூன்றாம் ஆண்டு அவளுக்கு நல்ல ஆண்டு. நான்காம் ஆண்டு தையில், பருவம் பாதி தாண்டிய பிறகு, குதித்து இறங்கும்போது முழங்கால் திரும்பி உள்ளே நார் அறுந்தது. அங்கேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் அவள் முகத்தைத் திரையில் காட்டவில்லை, குரல் மட்டும்தான். நான் அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். “உனக்கு அந்த மிச்ச வருசம் கிடக்குத்தானே” என்றேன். ஐந்தாம் ஆண்டு முதுகலை படித்துக்கொண்டே ஆடலாம், அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவளைச் சேர்ப்பதா என்று முடிவு சொல்வதாகப் பிரான்சில் ஒரு கழகமும் எழுதியிருந்தது. அவள் “ஓம்” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் ஆண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்ட விண்ணப்பம் வசந்தத்தில் மறுக்கப்பட்டது. “சட்டம் அப்பிடியாம்” என்றாள். யூலையில் பட்டத்தோடும் நொண்டலோடும் வீட்டுக்கு வந்தாள். நான் அந்த அமெரிக்கர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேசையில் தாயும் மகளும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அப்போது அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

புரட்டாதியில் அவள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க, தன் அமெரிக்கக் கடதாசிகளைப் படியெடுத்து வரச் சொல்லி கணினிக் கோப்பு ஒன்றை என் தொலைபேசிக்கு அனுப்பினாள். ரூ பிலிப்-து-ஜிராரில் தொலைபேசி அட்டை விற்று, படியும் எடுத்துக் கொடுக்கிற கடைக்குப் போனேன். இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பியது. பட்டச் சான்றிதழ், புள்ளிகள், பிறகு அவள் அறியாமல் சேர்ந்துவிட்ட ஒரு கடிதம்.

என் ஆங்கிலம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்ற ஆங்கிலம். ஆனால் மறுக்கிற கடிதம் எனக்குப் பழக்கம். அகதி வழக்கில் எங்களுக்கு ‘றிஜெ’ என்று நிராகரிப்பு வந்த காலத்தில் அப்படி இரண்டு கடிதங்கள் வாசித்தவன். முதல் பந்தியில் மரியாதை இருக்கும், இரண்டாம் பந்தியில்தான் காரணம் இருக்கும், காரணத்தில் ஒரு தேதி இருக்கும். நான் நேரே இரண்டாம் பந்திக்குப் போனேன்.

இரண்டாம் ஆண்டுப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. காயப்பட்டவர் அந்தப் பருவத்தின் பின்பாதியில் மீண்டும் களத்தில் இறங்கியிருக்கிறார். எத்தனை நிமிடம் என்பது பொருட்டல்ல. கீழே ஆட்டத்தின் தேதி.

நாங்கள் அங்கே இருந்தது ஐந்தே நாட்கள். அதில் சனிக்கிழமை ஒன்றுதான்.

கடைக்காரர், “அண்ணை, எல்லாம் வந்திட்டுதே?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். பத்துப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு நேரே மனைவியின் கடைக்குப் போனேன். அவள் ஒரு கல்யாணச் சட்டைக்குக் கொளுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கண்டதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“உமக்குத் தெரியுமோ?” என்றேன்.

“ஓம்.”

“எப்ப இருந்து?”

“மறுமொழி வந்த அண்டைக்கே எனக்குச் சொன்னவள். அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், அவர் தாங்கமாட்டார் எண்டவள்.”

அந்தக் கடையில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு வேலைக்கும் போகவில்லை. உடம்புக்கு வருத்தம் என்று பொய் சொன்னேன்.

பின்னேரம் மகள் முழங்காலுக்கான பயிற்சிச் சிகிச்சை முடிந்து வந்தாள். சன்னலருகே இருந்து முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டினாள். நான் கடிதத்தை அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏன் பிள்ளை இறங்கினனீ?”

“நீங்கள் கேட்டனீங்கள் அப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

“உனக்குத் தெரியுமோ, இறங்கினால் வருசம் போயிடும் எண்டு?”

“தெரியும். கோச்சும் அந்த இடத்திலையே சொன்னவ. இறங்கினால் திரும்பக் கேக்கேலாது, வடிவா யோசி எண்டவ.” அவள் பையை எடுத்துவிட்டு முழங்காலைத் தடவினாள். “எனக்கு அப்ப இருபது வயது. இன்னும் ரெண்டு வருசம் கிடக்குத்தானே, காணும் எண்டு நினைச்சன். திரும்பவும் அடிபடுவன் எண்டு ஆர் நினைச்சது? தெரிஞ்சும் ஒருக்கால் கேட்டுப் பாத்தன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“முதல் நாளே சொன்னனான்” என்றாள். “நவம்பரிலை. நீங்கள் வேலையிலை நிண்டனீங்கள்.”

வெங்காயம் வெட்டிக்கொண்டு நான் கேட்காமல் விட்டது அதைத்தான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். எங்கள் வீட்டில் தகப்பன் பிள்ளையிடம் அப்படிக் கேட்ட வழக்கம் இல்லை. ஆனால் அதனால் நான் நின்றுவிடவில்லை. “பிள்ளை, நான்…” என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடாமல், பிரெஞ்சில், விடுங்கள் அப்பா என்றாள். எனக்கு அந்த மொழியில் அந்தச் சொல் எப்போதும் கொஞ்சம் கடினமாகத்தான் கேட்கும். விடு என்றும் கேட்கும், போ என்றும் கேட்கும். அன்றைக்கு இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு சில வாரங்கள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சொல்லாமல் வைத்திருந்தவரைக்கும் அவளுக்கு என்மேல் இரக்கம் இருந்திருக்கிறது. சொன்ன பிறகுதான் கோபம் வந்தது. அது நியாயம்.

அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. மச்சான் ஒருமுறை வந்த விருந்தாளிகளுக்குக் காட்டச் சொல்லிக் கேட்டார். தொலைபேசி பழுது என்றேன்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிற வேலை. பழைய கழகம் பிள்ளைகளுக்குப் பழக்க வரச் சொல்லி இரண்டு தடவை கேட்டது. அவள் போகவில்லை. மண்டபம் இருக்கிற பக்கத்துத் தெருவால் போகாமல் சுற்றிப் போவதை நான் கண்டிருக்கிறேன். கேட்கவில்லை.

போன மாதம் ஒருநாள் காலை இருவரும் ஒன்றாக வேலைக்குப் புறப்பட்டோம். லா ஷப்பல் மெத்ரோ மேடையில் நின்றபோது அவள் கைத்தொலைபேசியில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பாராமலே சொன்னாள்:

“அங்கை சட்டத்தை மாத்தப்போகினமாம் எண்டு கதைக்கினம். இனி எல்லாருக்கும் அஞ்சு வருசமாம். காயம் வந்தாலும் வராட்டிலும்.”

“அப்ப உனக்கு?”

“முடிச்ச ஆக்களுக்கு இல்லையப்பா.”

வண்டி வந்தது. வழக்கம்போல உள்ளே கால் வைக்க இடமில்லை. என் கையிலிருந்த பையை அவள் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்தேன். அவளுக்குக் கம்பி தேவையில்லை, மேலே கூரையைத் தொட்டபடி நின்றாள். அவள் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்ததும் பையை என் தோளில் மாட்டிவிட்டு இறங்கினாள்.