வருது என்று சொன்னது யார்

இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று வருஷம் முன்பு வரை நானும் அதே முகத்தைத்தான் வைத்திருந்தேன். பேய் வீடியோக்களுக்குக் கீழே போய், வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பத்தி பத்தியாக விளக்கம் எழுதுகிற ஆள். மெக்கானிக்கல் படித்தவன். இதுவும் ராத்திரியில் நடந்ததல்ல, நல்ல உச்சி வெயிலில் நடந்தது. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

டேவிட்டும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அதன் பிறகு நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன், அவன் திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் ஒரு தகர ஷெட் போட்டு வண்டி வேலை பார்த்தான். எனக்குப் பழைய வண்டிப் பைத்தியம். ஒரு பெட்ரோல் ஜீப் வாங்கிவந்து அவன் ஷெட்டில் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து வந்ததும் இருவரும் எஞ்சினைப் பிரித்து உட்காருவோம். நான் மேனுவலை டவுன்லோடு செய்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாசிப்பேன், அவன் காதில் வாங்காமல் விரலால் தடவித் தடவிப் பார்ப்பான். "டேய் பிடிஎஃப்பு, மூடுறா கொஞ்சம், இரும்பு பேசறது கேக்கல" என்பான். எனக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

அந்த எஞ்சினின் முன்பக்கத்தில் டைமிங் கியர்கள் இருக்கும். அவற்றின் மேல் எண்ணெய் பீய்ச்ச ஒரு துளை, ஊசி நுழைகிற அளவுதான். அது அடைத்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி பத்து நாள் ஜோராக ஓடும், ஒரு நாள் காய்ந்த கியரின் பல் போகும், அந்த நொடியே எஞ்சின் செத்துவிடும். அதனால் கியர்களின் மேல் முன்மூடியைப் போடுவதற்கு முன் டேவிட் ஒரு வேலை செய்வான். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு அந்தக் குழிக்குள் நீளக் கம்பியை இறக்கி, ஆயில் பம்பைக் கையாலேயே சுற்றுவான். பம்ப் சுற்றினால் முன்னால் அந்தத் துளையில் எண்ணெய் வரும். ஆனால் சுற்றுகிறவனுக்குத் துளை தெரியாது. இன்னொருவன் முன்னால் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். "வருதா?" என்று இவன் கேட்பான், "வருது" என்று அவன் சொல்வான். அந்தச் சொல்லை நம்பித்தான் மூடியைப் போடுவது.

அன்று முன்னால் நின்றவன் நான். மூடி உட்காரும் முன்தகட்டில், எண்ணெய் கசியாமல் இருக்கச் சிவப்பு கேஸ்கட் பேஸ்ட் தடவியவனும் நான்தான். "ஜாம் மாதிரி அப்பாதடா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சுற்றும்போது நான் போனில், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் குரூப்பில், நாளைக்கு எங்கள் எஞ்சின் உயிர் பெறுகிறது என்று டைப் செய்துகொண்டிருந்தேன்.

"வருதா?"

"ஆங், வருது வருது."

பார்க்கவில்லை. அவ்வளவுதான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, பார்க்கவில்லை.

பதினோராம் நாள் டேவிட் வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கூரம் பக்கம் எடுத்துப் போனான். நடு ரோட்டில் ஜீப் நின்றது, பின்னால் மணல் லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அளவுக்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஸ்டேஷனிலிருந்து விடுவித்த ஜீப்பை அதே ஷெட்டில் கொண்டுவந்து போட்டேன். ஒரு மத்தியானம் தனியாகப் போய் முன்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் டேவிட்டின் மனைவி எஸ்தர் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ஷெட்டுக்குள் இருட்டு, அவளுக்குப் பின்னால் வெயில் வெள்ளையாக எரிந்தது.

"அண்ணா, ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்கன்னு தெரியும்ல உங்களுக்கு?"

தெரியும். அதற்கு முந்தின வருஷம் அவர்களுடைய குழந்தை பிறந்த வாரத்திலேயே தவறிப்போனது, அதிலிருந்து டேவிட் பேச்சைக் குறைத்துக்கொண்டான். லாரி டிரைவரோ, அந்த ஆள் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எழுதிக் கொடுத்திருந்தான். இரண்டையும் சேர்த்துவைத்து ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"அவரே நிறுத்தினாரா, வண்டி தானா நின்னுச்சா? அத மட்டும் சொல்லுங்கண்ணா. அவரே நிறுத்தியிருந்தா... என்னை இப்படி வுட்டுட்டுப் போவணும்னு நெனச்சிருந்தா, அதையும் தெரிஞ்சிக்கறேன்."

மூடி கையோடு வந்தது. கியரில் ஏழெட்டுப் பல் காணோம். அவளிடம் சொன்னேன், பல் உடைந்திருக்கிறது, லாரி இடித்ததில் உடைந்ததா, அதற்கு முன்பே உடைந்து வண்டியை நிறுத்தியதா என்று பார்க்க வேண்டும், எண்ணெய் வராமல் இருந்தால் முன்பே உடைந்தது என்று அர்த்தம், வந்தால் வண்டியில் குறையில்லை என்று. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். கம்பியை இறக்கினேன். சுற்றினேன். பழக்கதோஷம், யாரும் இல்லாத முன்பக்கத்தைப் பார்த்து என் வாய் கேட்டுவிட்டது.

"வருதா?"

"ஆங், வருது வருது."

நம்பினால் நம்புங்கள். முன்னாலிருந்துதான் வந்தது. என் குரல். போனில் கண்ணை வைத்துக்கொண்டு அவசரமாகச் சொல்லும் அதே இழுப்பு. எதிரொலி என்பீர்கள், நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன், ஆனால் எதிரொலி நாம் கேட்ட கேள்வியைத் திருப்பித் தரும், பதிலைத் தராது. டேவிட் நின்ற இடத்தில் நின்று, அவன் கேட்டதை அப்படியே நான் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கும்போது அந்தப் பதிலை நம்பத்தான் தோன்றியது.

எஸ்தரும் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வருதா... அப்போ வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

திரும்பி வெயிலில் நடந்தாள். நான் கத்தியிருக்க வேண்டும், ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். கம்பியைப் பிடித்தபடி நின்றேன், கை விரியவே இல்லை. அவள் ரோட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. துளையின் வாயில் சிவப்பு பேஸ்ட் கல்லாக இறுகியிருந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன், திரும்பப் போய்ச் சுற்றினேன், இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை, வந்து பார்த்தால் எண்ணெய் அழகாக வழிந்துகொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வீட்டுக்குப் போக எனக்கு மூன்று நாள் பிடித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பேஸ்ட், போன், பார்க்காமல் சொன்ன வார்த்தை, அடைத்துக் கிடந்த துளை. டேவிட் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். உடைந்த கியரைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன், அதையும் முன்னால் வைத்தேன்.

அவள் கியரைத் தொடவில்லை. கோபப்படுவாள், அடிப்பாள், அதற்குத்தான் போனேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கண்ணா" என்றாள். "ஒங்களுக்கு மனசு கேக்கல, பழிய நீங்க எடுத்துக்கறீங்க. அன்னிக்கு நான் கண்ணால பாத்தேனே. முன்னாடி நின்னுக்கினு நீங்கதான வருதுன்னு சொன்னீங்க."

"நான் முன்னாடி நிக்கலம்மா. பின்னாடி நின்னு சுத்திக்கினு இருந்தேன்."

"இன்னாண்ணா நீங்க. கையில போன் வெச்சிக்கினு முன்னாடி நின்னது நீங்க. சுத்தினது வேற ஆளு, முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

வாசலில் வெயில், உள்ளே இருட்டு, அவளுக்குக் கண் கூசியிருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் மூடியைக் கழற்றிய அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் பைக் பெட்டிக்குள் கிடந்தது. நான் பார்க்காமல் சொன்ன நாளன்று எஸ்தர் ஷெட்டுப் பக்கமே வரவில்லை.

அதற்கு மேல் அவளை நம்பவைக்க என்னால் முடியவில்லை. அவன்தான் வண்டியை நிறுத்தினான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள், அந்த முடிவோடுதான் இன்றைக்கும் இருக்கிறாள். போன மாதம் பெரிய காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், ரொம்ப இளைத்திருந்தாள். நலம் விசாரித்துவிட்டு பஸ் ஏறப் போனவள், படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"அண்ணா, அன்னிக்கு ஒங்க கூட சுத்திக்கினு இருந்தாரே, அவரு யாரு? நான் அங்க நின்னு அழுவறேன், ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலியே அந்த ஆளு."