எட்டுப் படி அரிசி

கொடைக்கானலில் இட்லிக்கடை நடத்துகிறவர்களுக்குக் குளிரே முதல் தொல்லை. கீழே ஒட்டன்சத்திரத்தில் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். மலையில் கம்பளியைச் சுற்றி அடுப்போரம் வைத்தாலும் அது ஓர் இரவும் ஒரு பகலும் கேட்கும். செவ்வாய்க்கிழமை மதியம் ஊறப்போட்ட அரிசி வியாழக்கிழமை காலையில்தான் இட்லியாகும். ஆக, வியாழனன்று எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் செவ்வாயன்றே முடிவு செய்தாக வேண்டும்.

அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் கடை வைத்திருக்கும் கித்தேரியம்மாளுக்குப் பதினோரு வருஷமாக அந்த முடிவை எடுத்துக் கொடுத்தவர் அவள் கணவர் சைமன். மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சராக இருந்தவர், எதையும் அளந்தே பழகியவர். சீசன் என்றால் ஆறு படி, மழைக்காலம் என்றால் இரண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படி கூடுதல். காலண்டரைப் பார்த்து அவர் சொல்வார், அவள் அளந்து கொட்டுவாள்.

கொட்டும்போது சில நாள் கை நின்றுவிடும். இன்னும் ஒரு படி போடேன் என்று உள்ளே ஏதோ சொல்லும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது என்பதால் அவள் வாயைத் திறப்பதில்லை. ஒரு வருஷம் தைப்பூசம் முடிந்து, பழனியில் சாமி கும்பிட்ட குடும்பங்கள் அப்படியே மலை ஏறி வந்துவிட்டன. ஏழரை மணிக்கெல்லாம் இட்லிக் கொப்பரை காலி. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கித்தேரியம்மாள் சைமன் பக்கம் திரும்பினாள். 'எனக்கு முந்தாநாளே தோணுச்சு' என்று சொல்ல வாயெடுத்தாள். தோன்றியும் செய்யாமல் விட்டதை யாரிடம் சொல்வது? விழுங்கிக்கொண்டாள்.

போன வருஷம் சைமனுக்குக் கண் ஆபரேஷன். திண்டுக்கல்லில் மகள் ரெஜினா வீட்டில் மூன்று வாரம் இருக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் கித்தேரியம்மாள் போனில் அளவு கேட்டாள். மூன்றாம் நாள் மழையில் சிக்னல் போய்விட்டது. அரிசி மூட்டைக்கு முன்னால் படியும் கையுமாக நின்றாள். கேட்க ஆளில்லை. கை எங்கே நின்றதோ அங்கே நிறுத்தினாள். அன்று போட்ட மாவு சரியாகக் கடை மூடும் ஒன்பதரைக்குத் தீர்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஆறாவது நாள் சறுக்கியது. பக்கத்து ஓட்டலை ஒரு வாரம் பூட்டப் போகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு ஏழு படி போட்டாள். ஓட்டலும் பூட்டவில்லை, கூட்டமும் வரவில்லை. இரண்டு நாள் தெருவே அவள் கடையின் புளித்த தோசையைத் தின்றது.

"யக்கா, எங்க வீட்டு நாய்கூட தோசைன்னா ஓடுதுக்கா" என்றான் எதிர் டீக்கடை கோகுல்.

அவளும் சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். அந்த ஏழு படியை அளக்கும்போது நெஞ்சு படபடத்தது. சைமன் திரும்பி வந்து ஆச்சரியப்படுகிற முகம் கண்முன்னால் நின்றது. அது ஆசை. மற்ற நாட்களில் படபடப்பே இல்லை. கை தானாக மூட்டைக்குள் போய் வந்தது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

நவம்பரில் சைமன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு படி போதும்" என்றார் காலண்டரைப் பார்த்தபடி.

கித்தேரியம்மாள் அளந்தாள். இரண்டு, மூன்று, நான்கு. கை நிற்கவில்லை. எட்டாவது படியில் நின்றது.

"ஏ புள்ள, என்ன பண்ற? சீசனே இல்ல, யாருக்கு இம்புட்டு?"

"தெரியலைங்க. ஆனா வேணும்."

"தெரியாமலா எட்டுப் படி கொட்டுவ?"

"பதினோரு வருஷம் நீங்க சொன்னதத்தான் போட்டேன். இது நான் போடுறது. வீணாப் போனா நானே தின்னுக்கிறேன், நீங்க கெளம்புங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சைமனுக்கு அதுதான் புதிதாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்துவிட்டு, உளுந்து டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

புதன்கிழமை பிற்பகல், கீழே போகும் ரோடு இரண்டாகப் பிரிகிற பெருமாள்மலைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து, இரண்டு மரங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்தன. பழனி ரோடும் போச்சு, வத்தலக்குண்டு ரோடும் போச்சு. கிளம்பிய வண்டிகளெல்லாம் ஊருக்குள் திரும்பின. மறுநாள் காலையில் பால் வண்டி, ரொட்டி வண்டி எதுவும் மேலே வரவில்லை. மழைக்கால அளவுக்கு மாவு வைத்திருந்த கடைகளில் ஏழு மணிக்கே கையை விரித்துவிட்டார்கள்.

கித்தேரியம்மாளின் கொப்பரையில் மட்டும் ஆவி அடங்கவில்லை. கீழே போக முடியாமல் நின்ற லாரியிலிருந்து வாங்கிய கேரட்டும் பீன்ஸும் சாம்பாரில் கொதித்தன. சேலத்துப் பக்கமிருந்து ஐம்பத்திரண்டு பெண்களை ஏற்றி வந்த பஸ் டிரைவர் சேனாதிபதி, எல்லோரும் உட்கார்ந்த பிறகே தானும் உட்கார்ந்தார். இட்லி தீரத் தீர அடுத்த ஈடு வந்தது. கோகுல் டீக்கடையைப் பூட்டிவிட்டுத் தட்டுக் கழுவ வந்தான். குழந்தை இருக்கிற இடத்துக்கு முதலில் வை என்று கித்தேரியம்மாள் அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரோடு போகும்னு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டார் சேனாதிபதி.

"ரோட்டப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?" என்றவள், கரண்டியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். "திங்கக்கெழமையே பின்னாடி ஓடைத் தண்ணி மண்ணு கரைஞ்சு செகப்பா ஓடுச்சு. மழையிலயும் லாட்ஜு மாடில போர்வை நெறயா கெடந்துச்சு, உள்ள சனம் இருக்குன்னுதான. வந்த சனம் அவ்வளவு வெரசா எறங்காதுன்னு மனசுக்குப் பட்டிருக்கும் போல. இப்ப நீங்க கேக்கவும்தான் எனக்கே தெரியுது."

பதினோரு வருஷமாகக் கண் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்கை அவளிடம் சொல்லாமல் கையிடம் சொல்லியிருக்கிறது. அதை நினைக்கையில் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறந்ததிலிருந்து தன்னிடம் இருந்த ஒன்றை இப்போதுதான் தனது என்று எடுத்துக்கொண்டது போலிருந்தது.

வெளியே வாளியும் கையுமாகச் சைமன் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நின்று, "எட்டுப் படிங்க. எம் பொண்டாட்டி தானாப் போட்டது. நான் வேண்டாம்னேன், கேக்கலையே" என்று தன் தோல்வியைப் பெருமையாகச் சொன்னார். நாலாவது முறை சொன்னபோது அவள் உள்ளேயிருந்து, "போதும், சாம்பார் ஆறுது" என்றாள். முகத்தில் சிரிப்பை மறைக்க முடியவில்லை.

மறுநாள் ரோடு திறந்தது. பஸ்கள் இறங்கிப் போயின. கோகுல் கைகட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"யக்கா, நாளைக்கு எத்தன லிட்டர் பால் சொல்லட்டும்?"

"எனக்கு மாவுதான்டா தெரியும், பாலு தெரியாது. நீ எத்தன வருஷமா அங்க நிக்கிற?"

"ஆறு வருஷம்க்கா."

"அப்ப ஒனக்கே தெரியும். போயி பேசாம ஒரு நிமிஷம் நில்லு."

கோகுல் தலையைச் சொறிந்துகொண்டே போனான். கித்தேரியம்மாள் படியை எடுத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தாள்.