தலைப்பிள்ளைக்கு ஒயின்

சைகோனில் ஒயின் வாங்கப் போனால், வீட்டில் இன்று மீனா இறைச்சியா என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். மீன் என்றால் ப்ளாங், அதாவது வெள்ளை. இறைச்சி என்றால் ரூஜ், சிவப்பு. சோற்றுக்கு எந்தக் குழம்பு என்று நாம் பார்க்கிற மாதிரி இவர்கள் இதைப் பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒயின் வாங்கி நான் உண்மையாகவே கதிகலங்கிப் போனது நம் மதுரையில்தான். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

என் கல்யாணத்துக்காக ஊர் வந்திருந்தேன். நான் குமாஸ்தாவாக இருக்கும் கப்பல் கம்பெனியின் முசே, அதாவது எங்கள் பிரெஞ்சு துரை, அப்போது புதுச்சேரிக்கு வந்திருந்தார். கல்யாண விருந்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒயின் இல்லாவிட்டால் அவர் கணக்கில் அது விருந்தே இல்லை. பெண் பேச்சியம்மாளுக்கு மதுரைக்குப் பக்கத்தில் பரவை. தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவர் தாய்மாமன் கருப்பையா. சீமைச் சாமான் கொஞ்சம் வேண்டும் என்றதும், கடை காட்ட அவரே என்னுடன் மேலமாசி வீதிக்கு வந்தார்.

"ஒயின் இருக்கா?" என்றேன் கடைக்காரரிடம்.

"இருக்குண்ணே. வீட்டுக்கா?"

கல்யாண வீட்டைச் சொல்கிறார் என்று நினைத்து, "வீட்டுக்குத்தான்" என்றேன்.

"தலைப்பிள்ளையா?"

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவன். மூத்தவன் கல்யாணம் என்றால் நல்ல சரக்காக எடுப்பார் போலிருக்கிறது. "ஆமா, தலைப்பிள்ளைதான்."

"அப்பச் செவப்பே எடுத்துக்கங்க, ரத்தம் ஊறும். காலைல ஒரு அவுன்ஸ், ராத்திரி ஒரு அவுன்ஸ். பச்சத்தண்ணிய மட்டும் தொட விட்றாதீக."

முசேவுக்கு எதற்கு ரத்தம் ஊற வேண்டும், அவர் ஏன் பச்சைத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்புகையில் மாமாதான் வண்டி ஓட்டினார். பாதி வழியில் மாட்டை நிறுத்தினார்.

"மாப்ள, சைகோன்ல இருந்து அவளக் கூட்டியாந்து எங்க வச்சிருக்கீக?"

"யார மாமா?"

"பெத்துப் போட்டுப் படுத்திருக்கவளத்தான். பிள்ள ஆணா பொண்ணா, அதயாச்சும் சொல்லுங்க."

அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்தில் ஒயின் என்பது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து. 'வீடு' என்றால் பெண்டாட்டி. அக்கரைக்குப் போனவனுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கும் என்ற சந்தேகம் வேறு ஊரில் யாருக்குத்தான் இல்லை? கல்யாணம் நின்றே போய்விடும் போலிருந்தது.

"ஐயோ மாமா, தலைப்பிள்ள நான்தான்! இது தொரைக்கு!"

"பிள்ள பெத்தவ குடிக்கிறதத் தொர எதுக்குக் குடிக்கிறாரு? அவருக்கு ஒடம்புக்கு என்ன?"

அங்கே ஆண்களும் பெண்களும் சோற்றோடு குடிப்பார்கள் என்று சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று. சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. கடைசியில் மாமா பாதி நம்பினார்.

"சரி, தாலியக் கட்டுங்க. ஆனா அந்தத் தண்ணி ஒங்க ஒதட்டுல பட்டுச்சு, எம் மருமக கப்பல் ஏற மாட்டா. சொல்லிப்புட்டேன்."

தாலி கட்டியாயிற்று. விருந்தில் முசே இரண்டு கோப்பைகளை நிரப்பி, ஒன்றை என்னிடம் நீட்டி "சாந்தே!" என்றார். உடல்நலத்துக்கு என்று அர்த்தம். குடிக்காவிட்டால் துரைக்கு அவமரியாதை, வேலைக்கே ஆபத்து. குடித்தால் பெண்டாட்டி பரவையிலேயே. எதிரே மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையும் கையுமாக விழித்தேன்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பேச்சியம்மாள், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணாந்து குடிங்க."

செம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடிப்பதுபோலக் கோப்பையைத் தூக்கி ஊற்றிக்கொண்டேன். பாதி தொண்டைக்குள் போனது, பாதி பட்டுச் சட்டையில் வழிந்தது. மாமா கிட்டே வந்து உதட்டை உற்றுப் பார்த்தார், அது காய்ந்தே இருந்ததால் தம் இலைக்குத் திரும்பினார். இது எங்கள் கல்யாணச் சடங்கு என்று நினைத்து முசேயும் அண்ணாந்தார். அவர் வெள்ளைக் கோட்டு போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

பேச்சியம்மாள் கப்பல் ஏறினாள். இங்கே சைகோன் விருந்துகளில் எல்லோரையும் போல நானும் கோப்பையில் வாய் வைத்துக் குடிக்கலாம். பார்க்க மாமா இல்லை. ஆனால் கோப்பை கைக்கு வந்ததும் தலை தானாக அண்ணாந்துவிடுகிறது. சுற்றி இருப்பவர்களைப் பார்த்ததும் கை கூசுகிறது. தூக்கவும் முடியாமல் உதட்டுக்குக் கொண்டுவரவும் முடியாமல், கோப்பை என் மோவாய்க்கு நேரே அப்படியே நிற்கிறது.