நான் பெருக்கி வைத்த ஊற்று

அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில் எங்களுக்குக் கொடுத்த வீட்டின் பின்னால், மேட்டின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. கல்யாணமான நான்காம் மாதம் கப்பலேறி வந்தவள் நான். என் வீட்டுக்காரர் மரக் கிடங்கில் கிளார்க். ராமநாதபுரத்துப் பெண்ணுக்குக் கொல்லைப்புறத்திலேயே நல்ல தண்ணீர் என்றால் சும்மாவா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊற்று இருந்த கோலம்தான் பிடிக்கவில்லை. சுற்றிலும் மரம், கொடி, கணுக்கால் புதையும் சருகு, அதற்குள் அட்டை. எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் ஓர் இலை விழுந்தாலே பொறுக்க மாட்டோம். வீட்டுக்காரரை நச்சரித்து மேட்டிலிருந்த மரங்களை வெட்ட வைத்தேன். தினமும் விடிந்ததும் மேடு முழுவதையும் பெருக்கித் தள்ளினேன். ஒரே மாதத்தில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டில் ராஞ்சியிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். புருஷன் காட்டில் மரம் வெட்டுகிறவன். அவள் வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஊற்று உண்டு. அதைச் சருகும் தவளையுமாக அப்படியே விட்டு வைத்திருந்தாள். நான் பெருக்குவதைப் பார்த்து, “பத்தா மத் உடாவ் தீதி, பானி பாக் ஜாயேகா” என்றாள். இலையை எடுக்காதே அக்கா, எடுத்தால் தண்ணீர் ஓடிப்போய்விடும் என்கிறாள்!

“சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு” என்று அவள் எதிரிலேயே வீட்டுக்காரரிடம் தமிழில் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு யாருக்குத்தான் புரியாது? அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷ மழை கொட்டித் தீர்த்தது. ஆனாலும் பிப்ரவரியில் என் ஊற்று இளைத்தது, மார்ச்சில் வறண்டே போயிற்று.

“மழை வர்ற வரைக்கும் நீ ஊருக்குப் போயிரு. அடுத்த கப்பல்ல அனுப்பி வைக்கிறேன்” என்றார் வீட்டுக்காரர்.

“நான் போக மாட்டேங்க” என்றேன். அழுகையே வந்துவிட்டது. எனக்கு அந்தத் தீவு பிடித்திருந்தது. அவரை அதைவிடப் பிடித்திருந்தது.

வேறு வழியில்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு ராஞ்சிக்காரி வாசலில் போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் திரும்பியிருப்பேன். அவள், “லே லோ, தீதி” என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லி வழிவிட்டாள், அவ்வளவுதான்.

குடம் நிறையும்வரை அவள் ஊற்றங்கரைச் சருகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கோடையிலும் சில்லென்று ஈரம், மண்புழு, நூல் நூலாக வேர். மழையை அவ்வளவும் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது அந்தக் குப்பை. என் மேட்டு மண்ணோ நகம் இறங்காத கட்டாந்தரை. பெய்த மழையெல்லாம் நேராகக் கடலுக்குப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அன்றோடு பெருக்குவதை நிறுத்தினேன். மழை வந்ததும் மேட்டில் தானாகவே கன்றுகள் முளைத்தன. முளைத்ததையெல்லாம் புள்ளிமான்கள் மேய்ந்துவிட்டுப் போயின. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட மான்களாம். புலியே இல்லாத ஊரில் அவற்றைக் கேட்பார் யார்? ராஞ்சிக்காரி எங்கிருந்தோ கிழிந்த மீன்வலை கொண்டுவந்தாள். இரண்டு பேருமாகக் கம்பு நட்டு மேட்டைச் சுற்றிக் கட்டினோம். பாதிப் பேச்சு இந்தி, பாதி தமிழ், மீதி சிரிப்பு. இந்த முறை சேர்ந்து சிரித்தோம்.

மூன்று கோடைகள் அவள் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. நான்காம் மார்ச்சில் என் ஊற்றில் நூலாகத் தண்ணீர் நின்றது. ஒரு குடம் நிறைய அரைநாள் ஆயிற்று. பக்கத்தை விட்டு நகராமல் காத்திருந்து, அந்த முதல் குடத்தை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் பானை விளிம்புவரை நிறைந்திருந்தது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பானையைத் தூக்கி, இருந்த தண்ணீரை அப்படியே பப்பாளி மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, “டாலோ, தீதி” என்று, ஊற்றச் சொல்லி என் முன்னால் வைத்தாள்.