எஸ்தர் அக்கா கொடுத்த சமாதானம்

என் வீட்டுக்காரர் கள்ளச்சாராயம் விற்றார். அதைக் குடித்துச் சிலர் செத்தார்கள். அவர் ஜெயிலுக்குப் போனதும் நான் வெள்ளிமலைக்கு, அம்மா வீட்டோடு போய்விட்டேன். அதற்குப் பிறகு முதல்முறையாக பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி சர்ச்சுக்கு வந்த ஞாயிறு, நான் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சே காலியானது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அன்பைப் பற்றி வாய் கிழியப் பாடுகிறவர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நற்கருணைக்கு முன் எங்கள் ஐயர், அதாவது பாதிரியார், சமாதானம் கொடுப்பார். கையோடு கை சேர்த்து வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரும். அன்று எனக்கு முன் பெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

அந்தப் பெஞ்சின் ஓரத்தில் எஸ்தர் அக்கா இருந்தார். அந்தச் சாராயத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். அவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"கைய நீட்டு."

"எனக்கு இன்னாத்துக்குக்கா?"

"கோவம் போயிடுச்சின்னு நெனச்சிக்காத. ஐயர் குடுத்தத நானே வெச்சிக்கினு வூட்டுக்குப் போவ முடியாது. புடி."

பிடித்தேன்.

வாங்கியதை நானும் கொடுத்தாக வேண்டுமே. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. என் பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து முன்னால் ஓடிய பெண்மணியிடம் போய்த் தோளைத் தட்டினேன்.

"இந்தாங்க, சமாதானம்."

முறைத்தார். ஆனால் கையை நீட்டினார்.

இப்போது எஸ்தர் அக்கா என் பெஞ்சில்தான் உட்காருகிறார். இன்னும் என்னோடு பேசுவதில்லை. நேரம் வந்தால் கையை மட்டும் நீட்டுவார். அதற்காகவே ஞாயிறுதோறும் மலையிறங்கி வருகிறேன்.